பல்லக்கா மாற்றிய கிளட்ச்

அந்தத் தெருவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்து வீட்டிலேயே பல்செட் செய்து கொடுப்பவள் என்பதால் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. "பேருதான் பல்லக்கு. தூக்குறதுக்கு ஒரு ஆளைக் காணோம்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். முன்னறை ஜன்னலோரம் ஒரு மேசை. அதன்மேல் ஸ்பிரிட் விளக்கு, மெழுகுத் தகடுகள், ஈறு நிறத்துப் பொடி டப்பாக்கள், வரிசை வரிசையாகப் பற்கள். வெளியே போய்ச் செய்கிற வேலை எதுவும் அவளுக்குச் சரிப்பட்டு வராது. வீட்டில் துரை இருந்தான்.

துரை அவளுடைய ஒரே மகன். உண்மைப் பெயர் வேறு. தினமும் சாயங்காலம் காரின் முன்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, அம்மா ஓட்ட, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வருவதால் மாமா வைத்த பட்டம் அது. இருபத்தைந்தைத் தாண்டிய ஆள். நல்ல உயரம், கதவை அடைக்கிற தோள். பேச்சு மட்டும் சின்ன வயதிலேயே நாலைந்து வார்த்தைகளோடு நின்றுவிட்டது. தட்டு வைத்த இடத்தில் தட்டு இருக்க வேண்டும், செருப்பு கழற்றிய இடத்தில் செருப்பு இருக்க வேண்டும். யாராவது நாற்காலியை ஒரு சாண் நகர்த்திப் போட்டுவிட்டால் அன்று வீடு வீடாக இருக்காது.

எதிர்ப் பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்ததும் அவன் காருக்குப் பக்கத்தில் போய் நிற்பான். ஏறி உட்கார்ந்த மறுகணம் முகத்தில் இருந்த முடிச்செல்லாம் அவிழ்ந்துவிடும். தண்ணீர் டேங்க், சிக்னல், ரயில் கேட், பாலம், மரக்கடை, திரும்பவும் தண்ணீர் டேங்க். ஒவ்வொன்றும் வரும்போது அதன் பெயரை ஒரு தடவை சொல்வான். வேறு பேச்சு கிடையாது. முன்பு அவனுடைய அப்பா ஓட்டினார். அவர் ஒருநாள் குளியலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அழுது முடிப்பதற்குள் பல்லக்கா கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தக் கார்தான் பாலத்து ஏற்றத்தில் ஒருநாள் பல்லை இளித்தது. இன்ஜின் போடுகிற சத்தத்துக்கு வண்டி பறக்க வேண்டும். அதுவோ நின்ற இடத்தில் நின்று உறுமியது. கருகிய நாற்றம் மூக்கில் ஏறியது. பின்னால் வந்தவர்கள் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். துரை காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தான். முதல் கியரிலேயே ஊர்ந்து ஊர்ந்து, கடவுளையும் காரையும் மாறி மாறிக் கெஞ்சிக்கொண்டு, எப்படியோ வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். மறுநாள் கிளப்பிப் பார்த்தால் முற்றத்து வாசலைக்கூடத் தாண்டவில்லை.

மெக்கானிக் வந்து பெடலை அமுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கிளட்ச் பிளேட் தேஞ்சு காகிதமாயிடுச்சுக்கா. ஷெட்டுக்கு இழுத்துட்டுப் போயிடலாம்."

"கார் இங்கேர்ந்து நகரக் கூடாது தம்பி. இங்கேயே வச்சு மாத்த முடியுமா?"

"வீட்டுலயா? கியர்பாக்ஸையே இறக்கணும்க்கா. குழி கிடையாது, லிஃப்ட் கிடையாது..."

ஏன் நகரக் கூடாது என்று அவள் சொன்னாள். ஒரு தடவை வேறு வேலைக்காக ஷெட்டில் விட்டிருந்தபோது துரை கேட்டைப் பெயர்த்துக்கொண்டு காரைத் தேடிப் போய்விட்டான். அன்று முழுக்கக் காணோம். கடைசியில் ரயில் பாதை ஓரமாகப் பாதம் கிழிந்து நடந்துகொண்டிருந்தவனை யாரோ பிடித்துக்கொண்டு வந்தார்கள். கார் ஓடாவிட்டாலும் கண்ணெதிரே நின்றால் அவன் எப்படியாவது பொறுத்துக்கொள்வான் என்பது அவளுடைய நம்பிக்கை. மெக்கானிக் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற துரையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சரி என்று தலையாட்டினார். நல்ல மனிதர்.

ஆனால் துரை பொறுத்துக்கொள்ளவில்லை. காரின் மூக்கைத் தூக்கி இரும்பு ஸ்டாண்டுகளில் நிறுத்தி முன்சக்கரங்களைக் கழற்றியபோதே உள்ளேயிருந்து ஊளை கிளம்பியது. பல்லக்கா அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்னறையில் உட்கார்ந்திருந்தாள். மெக்கானிக் அவசர அவசரமாக வேலை பார்த்தார். கியர்பாக்ஸை இறக்கிச் சாக்கின்மேல் வைத்துவிட்டு அவர் மறுபடியும் காருக்கு அடியில் போன நேரம், அவள் பிடி நழுவியது. துரை ஒரே ஓட்டமாக ஓடி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களையும் பிடித்து, கந்தல் பொம்மையை இழுப்பதுபோல இழுத்து எறிந்தான். மெக்கானிக்கின் முழங்கை கிழிந்தது. வாய் நிறைய ரத்தம்.

தண்ணீர் கொடுத்தாள். துணியை நனைத்துக் கொடுத்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். மெக்கானிக் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, உடைந்த கோரைப் பல்லை நாக்கால் தடவிப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. வண்டி என் மேல விழுந்திருந்தா? எனக்கும் வீட்டுல ஆளுங்க இருக்காங்க."

"போங்க தம்பி. உங்களைச் சொல்லிக் குத்தமில்ல."

"ஜாக்கியும் சாமானும் இங்கேயே இருக்கட்டும். வேற யாராவது வந்தா உபயோகப்படும்."

வேறு யாரும் வரவில்லை. விஷயம் ஒரு ஷெட்டிலிருந்து இன்னொரு ஷெட்டுக்குப் பரவிவிட்டது. சிலர் போனையே எடுக்கவில்லை. எடுத்த ஒருவர், "முதல்ல பையனை எங்கேயாவது அனுப்பிட்டுக் கூப்பிடுங்க" என்றார்.

முற்றத்தில் கார் குடல் சரிந்த மாடு மாதிரி நின்றது. பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடிக்கும். துரை வந்து காரின் பக்கத்தில் நிற்பான். சக்கரம் இருந்த இடத்தைப் பார்ப்பான். பிறகு உள்ளே போய்ச் சுவரில் தலையை மோதுவான். அந்தச் சத்தம் இருக்கிறதே, அது காதில் கேட்கிற சத்தம் இல்லை. அவளுடைய அடிவயிற்றில் இடிக்கிற சத்தம். தலைக்கும் சுவருக்கும் நடுவில் தலையணையைக் கொடுப்பாள். தலையணையைப் பிடுங்கி எறிவான். தன் கையைக் கொடுப்பாள். கை நீலம் பாரித்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டால் எச்சில் ஒழுக, கண் பாதி செருகிக் கிடந்தான். அவனை அப்படிப் பார்ப்பதற்குச் சுவரே தேவலை என்று இருந்தது. மாடியில் இருக்கும் வீட்டுச் சொந்தக்கார அம்மா இறங்கி வந்து, "நானும் மனுஷிதான், புரியுது. ஆனா இப்படியே போனா நீங்க வேற இடம் பார்த்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மேசையில் டாக்டர்களின் அச்சுகள் சேர்ந்துகொண்டே போயின. ஊருக்கெல்லாம் சிரிப்பு செய்து கொடுத்தவள் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தால், உதட்டோரம் அவன் முழங்கை பட்டு வீங்கியிருந்தது. இரண்டு பேருமாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. வாசலில் வந்து நின்ற அதை அவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. ஆனால் அது போகவும் இல்லை, அங்கேயே நின்றது.

அவளுடைய தம்பி வந்தான். கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். அக்காவின் கையையும் உதட்டையும் பார்த்துவிட்டு, நாற்காலியை நகர்த்தாமல் உட்கார்ந்தான்.

"அக்கா, நான் ஒண்ணு சொன்னா கோபப்படுவ."

"அப்ப சொல்லாத."

"ஊருக்கு வெளியே ஒரு இல்லம் இருக்கு. போய்ப் பார்த்துட்டு வந்தேன். சுத்தமா வச்சிருக்காங்க. தோட்டம் இருக்கு. இவனை மாதிரி ஆளுங்கதான்..."

"பூட்டு இருக்கா?"

தம்பி தோட்டத்தைப் பற்றியே மறுபடியும் ஆரம்பித்தான்.

"கேட்டுல பூட்டு இருக்கான்னு கேக்குறேன்."

"இருக்கு. பூட்டு இல்லாம எப்படிக்கா? உன் வீட்டுலயும்தான் பூட்டு இருக்கு."

"என் வீட்டுப் பூட்டுக்கு உள்ள நானும் இருக்கேன்டா."

"எத்தனை நாளைக்கு இருப்ப?" என்று கேட்டுவிட்டான். கேட்டபிறகு, கையிலிருந்து கண்ணாடி நழுவி விழுந்ததுபோல முகம் மாறியது. "நான் அந்த அர்த்தத்துல சொல்லலக்கா."

"நீ எந்த அர்த்தத்துல சொன்னாலும் ஒண்ணுதான். போயிட்டு வா."

அவன் போனதும் பல்லக்கா முற்றத்துக்கு வந்து சாக்கின்மேல் கிடந்த கியர்பாக்ஸைப் பார்த்தாள். குந்தி உட்கார்ந்து அதன் முனையில் நீட்டிக்கொண்டிருந்த தண்டைத் தொட்டாள். தண்டைச் சுற்றிச் சின்னச் சின்னப் பற்கள். "அட, உனக்குமா?" என்றாள் அதைப் பார்த்து. பிறகு போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நீங்க வர வேண்டாம். சொல்ல மட்டும் சொல்லுங்க. நான் செய்யறேன்."

அந்தப் பக்கம் ஸ்பேனர் ஒன்று கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"அக்கா, பொம்பளைங்க செய்யற வேலை இல்லன்னு சொல்லல, ஆம்பளைங்களே தனியா செய்யற வேலை இல்ல அது."

"ரெண்டாவது ஆளு கிடைச்சா சொல்லி அனுப்பறேன். இப்ப சொல்லுங்க, முதல்ல எதைக் கழட்டணும்?"

அவர் சொன்னார். இவள் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு செய்தாள். தேய்ந்த கிளட்ச் பிளேட்டை வெளியே எடுத்தபோது, அதன் முகத்தில் இருக்க வேண்டிய சொரசொரப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. ஆணி மட்டும் பளபளத்தது. இத்தனை நாளும் எதைப் பிடித்துக்கொண்டு இது ஓடியது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. தான் வாங்கி வைத்துவிட்டுப் போன புதுப் பிளேட்டை வைப்பதில்தான் சூட்சுமம் என்றார் மெக்கானிக். அது மயிரிழைகூட விலகாமல் நட்டநடுவில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் தண்டு உள்ளே போகாது. ஷெட்டில் அதற்கென்று ஒரு கம்பி இருக்கிறது, வீட்டில் செய்வதென்றால் குச்சியில் டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டும் என்றார்.

பல்லக்காவுக்குக் குச்சி சரிப்படவில்லை. கியர்பாக்ஸ் தண்டை மெழுகில் அச்செடுத்தாள். பல்செட்டுக்குக் குழைப்பதுபோல ஈறு நிறப் பொடியைக் குழைத்து ஊற்றி, வேகவைத்து, தேய்த்து, இளஞ்சிவப்பில் ஒரு முளை செய்துகொண்டாள். அது பிளேட்டின் நடுவில் கச்சிதமாக இறங்கி நின்றது. போட்டோ எடுத்து அனுப்பினாள். மெக்கானிக் போனில் விழுந்து விழுந்து சிரித்தார். "என்னக்கா, காருக்கே பல்லு கட்டிட்டீங்க!" பல நாளைக்குப் பிறகு அவளும் சிரித்தாள். உதட்டு வீக்கம் வலித்தது.

இதெல்லாம் துரை தூங்குகிற நேரத்திலும் சாப்பிடுகிற நேரத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. பிளேட்டையும் அதன் மேல்மூடியையும் முடுக்கி, முளையை உருவி எடுத்தாயிற்று. மிச்சம் கியர்பாக்ஸ்தான். அதைச் சக்கர ஜாக்கியின்மேல் உருட்டி ஏற்றி, பழைய பை வார் ஒன்றால் இறுக்கிக் கட்டி, காருக்கு அடியில் தள்ளினாள். துரை மதியச் சாப்பாடு முடித்துப் படுத்திருந்தான். எழுந்திருப்பதற்குள் ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

கணக்கு தப்பியது. ஜாக்கியை மேலே ஏற்றினால் தண்டு ஓட்டைக்குக் கீழே இடித்தது. கொஞ்சம் இறக்கிச் சாய்த்தால் பக்கத்தில் இடித்தது. மல்லாந்து படுத்து, கண்ணில் துரு விழ விழ, முதுகுச் சட்டை வியர்வையில் தரையோடு ஒட்ட, அவள் அதோடு மல்லுக்கட்டினாள். ஒருவழியாகத் தண்டின் நுனி உள்ளே நுழைந்தது. பாதி போய் நின்றுவிட்டது. மெக்கானிக் சொல்லியிருந்தார்: "பல்லு பல்லோட சேரலன்னா உள்ள போகாதுக்கா. லேசா ஆட்டி ஆட்டிப் பாருங்க." ஆட்டினாள். ஆட்டிய வேகத்தில் பை வார் வழுக்கியது. கியர்பாக்ஸ் ஒருபக்கமாகச் சரிந்து அவள் தோளில் சாய்ந்தது. கனம் தோளில் இறங்கியபோது மூச்சு அடைத்தது. தண்டின் நுனி மட்டும் கிளட்ச் பிளேட்டில் தொங்க, மீதியை அவளுடைய தோளும் வலது கையும் தாங்கின. கையை எடுத்தால் அது நேராக மார்பில் விழும். போன் எட்டாத இடத்தில் கிடந்தது.

அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது.

பிள்ளைகளின் இரைச்சல் தெருவில் வழிந்து போனது. அது அடங்கியதும் வாசல்படியில் காலடி கேட்டது. துரையின் வெறும் பாதங்கள் அவள் தலைமாட்டில் வந்து நின்றன. பெருவிரல் நகம் வெட்டாமல் வளர்ந்திருந்ததைப் பார்த்தாள். இந்தக் களேபரத்தில் அதுகூட மறந்துபோயிருந்தது.

"துரை, கண்ணா, அம்மா இங்க இருக்கேன். உள்ள போ. அம்மா வந்துடறேன்."

பாதங்கள் நகர்ந்தன. கதவுப் பிடியின் சத்தம் கேட்டது. கார்க் கதவைப் பூட்டவில்லை என்பது அவளுக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது.

"வேண்டாம்டா! ஏறாத! துரை!"

அவன் ஏறினான். அத்தனை உடம்பும் முன்சீட்டில் பொத்தென்று இறங்கியது. முகத்துக்கு மேலே காரின் அடிவயிறு ஒரு முறை இறங்கி ஏறியது. கதவு அறைந்து சாத்தப்பட்டது. இடதுபக்க ஸ்டாண்ட் தரையில் கிறீச்சென்று இழுபட்டது.

கத்துவதற்கு வாய் திறந்தாள். சத்தத்தை அப்படியே விழுங்கிக்கொண்டாள். கத்தினால் அவன் மிரளுவான். மிரண்டால் ஆடுவான். ஏற்கெனவே ஆட ஆரம்பித்திருந்தான். முன்னும் பின்னும், முன்னும் பின்னும். ஸ்டாண்ட் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கிறீச். இந்த இரும்பு என்மேல் உட்கார்ந்த பிறகு இவன் எத்தனை நேரம் மேலேயே உட்கார்ந்து காத்திருப்பான் என்று நினைத்தாள். அதுதான் அவளை நடுங்க வைத்தது. செத்துப்போவது அல்ல. யாராவது வந்து பார்க்கும்வரை, வண்டி ஏன் கிளம்பவில்லை என்று தெரியாமல் அவன் அங்கேயே உட்கார்ந்திருப்பது.

"தண்ணி டேங்க்," என்றான் துரை மேலேயிருந்து.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"தண்ணி டேங்க்." இந்த முறை கேள்விபோல.

"ஆமா கண்ணா," என்றாள். குரல் உடையாமல் பார்த்துக்கொண்டாள். "தண்ணி டேங்க் வந்தாச்சு. பெரிய டேங்க். தாண்டிப் போறோம். அடுத்தது என்ன?"

"சிக்னல்."

"சிக்னல்தான். சிவப்பு விழுந்திருக்கு. எல்லா வண்டியும் நிக்குது. நாமளும் நிக்கிறோம்."

ஆட்டம் நின்றது.

தினமும் அப்படித்தான். சிவப்பு எரியும்போது துரை முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, சுவரில் மாட்டிய படம் மாதிரி அசையாமல் இருப்பான். எதனால் என்று அவள் யோசித்ததில்லை. உலகத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் இருந்த இடத்தில் இருப்பது அவனுக்குப் பிடித்திருந்ததோ என்னவோ.

கார் அசையவில்லை. அவள் இடதுகையால் ஜாக்கியின் கைப்பிடியைத் தேடினாள். விரல் நுனியில் பட்டது. ஒரு சின்ன அமுக்கு. தோளிலிருந்து கனம் ஒரு மயிரளவு விலகியது. இன்னொரு அமுக்கு. கியர்பாக்ஸ் நிமிர்ந்தது, ஆனால் உள்ளே போகவில்லை, பல் பல்லோடு சேரவில்லை. அதைத் தள்ள அவளிடம் பலம் இல்லை.

"சிவப்பு இன்னும் இருக்கு கண்ணா," என்றாள். "முன்னாடி ஒரு லாரி நிக்குது. பக்கத்துல ஒரு பால் வண்டி. அதோ ஒரு தாத்தா ரோட்டைத் தாண்டுறாரு, மெதுவா, மெதுவாத்தான் வர்றாரு..."

ஆனால் அந்த சிக்னல் எவ்வளவு நேரம் எரியும் என்று அவளைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"பச்சை," என்றான் துரை.

"இல்ல கண்ணா, இன்னும்..."

"பச்சை!" காலால் தரையை உதைத்தான். முழு உடம்பையும் முன்னால் எறிந்து ஆடினான்.

பல்லக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கார் முன்னால் சாய்ந்தது. பின்னால் போனது. ஏதோ ஒன்று 'டக்' என்று இறங்கிய சத்தம் கேட்டது. முடிந்தது என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்தும் மூச்சு வந்துகொண்டிருந்தது. கண்ணைத் திறந்தாள். துரை ஆட்டிய ஆட்டத்தில் தண்டு முழுக்க உள்ளே போய், கியர்பாக்ஸ் இன்ஜினோடு முகத்தோடு முகம் வைத்து உட்கார்ந்திருந்தது.

அழுதுகொண்டே ஒரு போல்ட்டை விரலால் திருகினாள். எதிர்மூலையில் இன்னொன்று. "ரயில் கேட் வருது பாரு," என்று இடையிடையே சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு கையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்து, பல்லியைப்போலத் தரையில் ஊர்ந்து வெளியே வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இடதுபக்க ஸ்டாண்டின் ஒரு கால் அடிப்பலகையை விட்டு வெளியே வந்து காற்றில் நின்றது. முதலில் மெக்கானிக் விட்டுப்போன இன்னொரு ஜாக்கியை உருட்டி வந்து அந்தப் பக்கம் முட்டுக் கொடுத்தாள். அப்புறம்தான் கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

துரையின் முகத்தில் முடிச்சு எதுவும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே, முற்றத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

அவனைப் பாதியில் இறக்க அவளுக்கு மனம் வரவில்லை, இறங்கவும் மாட்டான். கிரீஸ் கையோடு ஜன்னலோரம் நின்று, பாலம், மரக்கடை என்று மீதிச் சுற்றையும் சொல்லி முடித்தாள். இரண்டாவது தண்ணீர் டேங்க் வந்ததும் அவன் தானாகக் கதவைத் திறந்து இறங்கி, கைகழுவப் போனான்.

அதற்குப் பிறகும் வேலை இருந்தது. அன்றைக்கு அவள் போனில் எல்லாவற்றையும் சொல்லக் கேட்டு மெக்கானிக் கொஞ்ச நேரம் "ஐயோ, ஐயோ" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையிலேயே, துரை எழுவதற்கு முன்பு, கையில் கட்டோடு வந்து மீதி போல்ட்டுகளை முடுக்கி, சக்கரங்களை மாட்டிக் கொடுத்துவிட்டு ஓட்டமாகப் போனார். உடைந்த பல்லுக்கு ஒரு மூடி செய்து தருவதாக அவள் சொன்னாள். "காருக்குச் செஞ்ச கலர்ல வேண்டாம்க்கா" என்றார்.

அன்று சாயங்காலம் கார் கிளம்பியது. எல்லாம் நல்லபடியாக முடிந்ததென்று சொல்லத்தான் ஆசை. ஆனால் புது கிளட்ச் பழையது மாதிரி இழுத்து இழுத்துப் பிடிக்கவில்லை. பெடலைக் கொஞ்சம் விட்டதுமே கவ்வியது. வண்டி உறுமாமல், குலுங்காமல், மிதந்துகொண்டு போனது. துரை தண்ணீர் டேங்கின் பெயரைச் சொல்லவில்லை. சிக்னலில், "கார் இல்ல," என்றான். "இது கார் இல்ல." பாலத்துக்கு வருவதற்குள் தன் மணிக்கட்டைக் கடித்து ரத்தம் வரவைத்துவிட்டான். அவள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். இத்தனைக்கும் பிறகு இதுவும் இல்லையென்றால் எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் கத்தி ஓய்ந்தான். அவள் சும்மா இருந்தாள். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. பிறகு வேறு வழியில்லாததால் கியர் போட்டுக் கிளம்பினாள்.

மறுநாளும் கடித்தான். அதற்கு மறுநாள் காதைப் பொத்திக்கொண்டு வந்தான். பல வாரங்கள் போனபின், ஒருநாள் மரக்கடைக்குப் பக்கத்தில், கோபமாக, "மரக்கடை" என்றான்.

காருக்கு அடியில் கிடந்தபோது வந்த நினைப்பு மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. பல் அடுக்கும்போதும், மாவு குழைக்கும்போதும், மேலே அவன் உட்கார்ந்திருப்பான், கீழே அவள் இருக்கமாட்டாள். ஒரு மதியம் தம்பியின் கடைக்குப் போன் செய்தாள்.

"அந்த இடம் எங்க இருக்குன்னு சொன்ன?"

"அக்கா, நிஜமாவா? நான் பேசட்டுமா அவங்ககிட்ட?"

"யார்கிட்டயும் பேசாத. வழி மட்டும் சொல்லு."

மரக்கடையைத் தாண்டி, தண்ணீர் டேங்குக்குத் திரும்பாமல் நேராகப் போக வேண்டும் என்றான். அன்று சாயங்காலம் அவள் திரும்பாமல் நேராகப் போனாள். துரை கதவில் முஷ்டியால் குத்தினான், ஊளையிட்டான், கைப்பிடியைப் பிடுங்கப் பார்த்தான். சுவர் நீளமாக வந்தது, ஒரு இரும்பு கேட் வந்தது, அதில் பூட்டு இருந்தது. அவள் நிற்கவில்லை. வேகத்தைக் குறைத்து, "கேட்டு" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, அடுத்த சந்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போதும் தினமும் அந்த வழியாகத்தான் போய் வருகிறாள். இறங்கியதில்லை. உள்ளே பார்த்ததும் இல்லை. வழியாவது பழகட்டும் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். கேட்டுக் காவலாளி இந்தக் காரைக் கண்டால் கையை உயர்த்துகிறான். துரை அந்தப் பக்கம் தலையைத் திருப்புவதே இல்லை. அந்த இடத்துக்குப் பெயர் சொல்வதும் இல்லை. அவள் கிளட்சை மிதித்து, கியரை மாற்றி, சத்தமில்லாமல் தாண்டிப் போகிறாள்.